நாலு கை வேண்டும்

‘எம்ப்ரேஸ்’ என்று ஒரு ஆங்கிலச் சொல். ஒரே சம்பளத்தில் நாலு ஆள் வேலை பார்க்கிற சொல் அது. அம்மா பிள்ளையைக் கட்டிப்பிடித்தாலும் எம்ப்ரேஸ். ஒருவர் புது மதத்துக்குப் போனாலும் எம்ப்ரேஸ். ஒரு நிறுவனம் புதிய தொழில்நுட்பத்துக்கு மாறினாலும் அதேதான். பிரெஞ்சு மொழியில் கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததாம். கைக்குள் எது வந்தாலும் அதற்குச் சம்மதம்!

நம்ம ‘தழுவு’ம் லேசுப்பட்டதில்லை. காதலியைத் தழுவலாம், மதத்தைத் தழுவலாம், உலகம் தழுவிய மாநாடு போடலாம். தேர்தலில் நின்றால் தோல்வியைக்கூடத் தழுவலாம்.

ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லைத் துருக்கி மொழிக்குக் கொண்டுபோனால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே அதற்கு ஒரு சொல் போதாது. வரிசையாகப் பல சொற்கள் நிற்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். தேர்ந்தெடுக்கும்போதே, ‘கட்டிப்பிடிக்கிறாயே, எதற்காக?’ என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறீர்கள்.

முதல் சொல், ‘குஜாக்லாமாக்’. ‘குஜாக்’ என்றால் மடி. விரித்த கைகளுக்கும் மார்புக்கும் நடுவிலுள்ள இடமும் அதுதான். அந்த இடத்துக்குள் இன்னொருவரை வாங்கிக்கொள்வது குஜாக்லாமாக். ‘எல்லோரையும் அரவணைக்கிறோம்’ என்று மேடையில் முழங்கும் அரசியல்வாதிகளுக்கு அங்கே இதுதான் கைகொடுக்கும்.

இரண்டாவது, ‘பெனிம்ஸெமெக்’. ‘பென்’ என்றால் நான். ‘பெனிம்’ என்றால் என்னுடைய. ஆக, பெனிம்ஸெமெக் என்றால் என்னுடையதாக்கிக்கொள்வது. ஒரு கொள்கையை, ஒரு ஊரை, பெறாத பிள்ளையை ஏற்றுக்கொள்ள இந்தச் சொல்.

மூன்றாவது, ‘சாரில்மாக்’. ‘சார்மாக்’ என்றால் சுற்றுவது. காயத்துக்குக் கட்டுப்போடுவதும் சார்மாக்தான். திராட்சை இலையில் சோற்றை வைத்துச் சுருட்டுகிறார்களே, அந்தப் பலகாரத்தின் பெயரே ‘சார்மா’. சாரில்மாக் என்றால் தானே போய்ச் சுற்றிக்கொள்வது, கொடி கொம்பைச் சுற்றுகிற மாதிரி.

இலக்கணத்தில் ஒரு நுணுக்கம் பாருங்கள். குஜாக்லாமாக் என்றால் ‘உன்னை’ அணைக்கிறேன். சாரில்மாக் என்றால் ‘உனக்கு’ச் சுற்றிக்கொள்கிறேன் என்பதுபோல நான்காம் வேற்றுமை வரும். முன்னதில் நீங்கள் என் கைக்குள் வருகிறீர்கள். பின்னதில் நான் உங்களிடம் வருகிறேன்.

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமாகப் பிரித்துவிடும் வியாதி எனக்கு உண்டு. பெனிம்ஸெமெக் சுத்தமான சொத்துக் கணக்கு. இது என்னுடையது என்று எழுதியாகிவிட்டது. சாரில்மாக்கில் நானே கையை நீட்டி நிற்கிறேன். குஜாக்லாமாக்தான் குழப்பம். உள்ளே வாங்கியாகிவிட்டது. ஆனால் எந்தக் கணக்கில் எழுதுவது?

இந்தக் குழப்பத்தை ஒரு நாடே அனுபவித்தது. 2011-ல் சிரியாவில் போர் மூண்டது. உயிர் தப்பி ஓடிவந்தவர்களுக்குத் துருக்கி எல்லையைத் திறந்துவிட்டது. ஒரு கட்டத்தில் 36 லட்சத்துக்கும் மேற்பட்ட சிரியாக்காரர்கள் அங்கே இருந்தார்கள். பல வருடங்கள், உலகிலேயே அதிக அகதிகளைத் தாங்கிய நாடு அதுதான். பணக்கார நாடுகள் பல வாசலைச் சாத்தியிருந்த நேரம். அந்தப் பெருந்தன்மையை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் வந்தவர்களை என்னவென்று அழைத்தார்கள்? ‘மிஸாஃபிர்’. இந்தியில் முஸாஃபிர் என்றால் பயணி. துருக்கியில் அது விருந்தாளி. சட்டத்தில் அவர்கள் அகதிகள் இல்லை. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களை மட்டுமே அகதி என்று ஏற்கிறது துருக்கியின் சட்டம். 2014-ல் ஒரு விதிமுறை கொண்டுவந்து சிரியாக்காரர்களுக்குத் ‘தற்காலிகப் பாதுகாப்பு’ என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பாஷையில் இதற்கு சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று பெயர். எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியாத தொகையை அப்போதைக்குப் போட்டுவைக்கிற இடம்.

விருந்தாளி எத்தனை நாள் இருப்பார்? சிலருக்குக் குடியுரிமை கிடைத்தது. பலர் அந்த இடைக்காலக் கணக்கிலேயே கிடந்தார்கள். விலைவாசி ஏறியபோது அக்கம்பக்கத்தின் முகம் மாறியது. 2023 தேர்தலில் அவர்களைத் திருப்பி அனுப்புவது பெரிய வாக்குறுதியானது. 2024 டிசம்பரில் சிரியாவில் ஆட்சி கவிழ்ந்தபின் லட்சக்கணக்கானவர்கள் திரும்பிப் போனார்கள். துருக்கியிலேயே பிறந்து, துருக்கி மொழியிலேயே பாடம் படித்த பிள்ளைகளுக்கு, எது ‘திரும்புவது’?

குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. மடியில் உட்காரவைத்தவருக்கும் கால் மரத்துப்போகும். அது மனித இயல்பு. ஆனால் மடியில் இருப்பவர் அந்தக் காலையே கவனித்துக்கொண்டிருப்பார், எப்போது அசையும் என்று. அந்தப் பயத்துக்குப் பெயர் அரவணைப்பா?

அதே துருக்கியில் இன்னொரு கதையும் உண்டு. கிரேக்கத்துக்கும் அதற்கும் தலைமுறைப் பகை. 1974-ல் சைப்ரஸில் மோதினார்கள். 1996-ல் ஆள் இல்லாத குட்டித் தீவுக்காகப் போர் விளிம்புவரை போனார்கள். 1999 ஆகஸ்ட் 17-ல் துருக்கியில் பூமி குலுங்கியது. 17,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கிரேக்க மீட்புக் குழுக்கள் ஓடிவந்தன. செப்டம்பர் 7-ல் ஏதென்ஸில் நிலநடுக்கம். இப்போது துருக்கிக் குழு அங்கே ஓடியது. 2023 பிப்ரவரியில் துருக்கியில் 50,000 பேருக்குமேல் பலிகொண்ட நிலநடுக்கத்தின்போது கிரேக்கர்கள் மறுபடி வந்தார்கள்.

சைப்ரஸ் பிரச்னை தீர்ந்துவிட்டதா? இல்லை. கடல் எல்லைச் சண்டை? அதுவும் இருக்கிறது. கணக்கு நேராகட்டும், அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. யாரும் யாருக்கும் விருந்தாளி ஆகவில்லை, சொத்தும் ஆகவில்லை. இன்றைக்கு உன் வீடு இடிந்தது, நாளைக்கு என் வீடு. சாரில்மாக் என்று இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

நம் வீடுகளிலும் இந்த மூன்றும் நடக்கிறது. ‘இனி நீ எங்க பொண்ணு’ என்று சொல்லி மருமகளின் பழக்கவழக்கத்தையெல்லாம் மாற்றினால், அது பெனிம்ஸெமெக். ஊரிலிருந்து அழைத்துவந்த வயசான அப்பாவுக்கு அறை, ஏசி, டிவி எல்லாம் கொடுத்துவிட்டு, எந்த முடிவுக்கும் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தால், குஜாக்லாமாக். அவரோ ஹாலில் உட்காரக்கூட யோசிப்பார். விருந்தாளி இல்லையா? ஒருநாள் ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘கடன் கழுத்தை நெரிக்குதுப்பா, என்ன பண்றதுன்னு தெரியல’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த நிமிடம் அவர் நிமிர்ந்து உட்காருவார். அப்பாவுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஒரு காரியத்தில் முழுமனசோடு இறங்குவதற்குத் துருக்கியில் ஒரு மரபுத்தொடர் உண்டு. ‘நாலு கையாலும் கட்டிக்கொள்வது’ என்பார்கள். அதிலும் வருவது இந்த சாரில்மாக்தான். ஒரு மனுஷனுக்கு ஏது நாலு கை? எனக்கென்னவோ கணக்கு சரியாகத்தான் வருகிறது. இரண்டு உங்களுடையது. மற்ற இரண்டும் மேலே எழும்ப நீங்கள் இடம் விட வேண்டும்.