அலரும் புனைவும்: பெயர் சுட்டா மரபும் நாவலாசிரியர் அறமும்

முன்னுரை

முதல் நாவலை எழுத முனையும் ஒருவர் எதிர்கொள்ளும் சிக்கல்களுள் பல எழுத்துநுட்பம் சார்ந்தவை. கதையை யார் கூறுவது, காலத்தை எவ்வாறு நகர்த்துவது, உரையாடலை எவ்வழக்கில் அமைப்பது என்பன பயிற்சியால் தீர்பவை. பயிற்சியால் மட்டும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. எழுதுவோர் அறிந்த வாழ்க்கை பெரும்பாலும் பிறருடைய வாழ்க்கை. அண்டை வீட்டாரின் மணமுறிவு, உறவினரின் கடன், குடும்பம் மறைத்துவைத்த பழி ஆகியனவே அவர் கைக்கு எட்டும் பொருள்கள். இவற்றை எடுத்தாள அவருக்கு உரிமை உண்டா? பெயரை மாற்றிவிட்டால் அவ்வுரிமை வந்துவிடுமா? இவ்வினாக்களை அகப்பொருள் மரபின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் சுட்டாமை

அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. உவமையாகவும் நிலப்பின்னணியாகவும் வேந்தர் பெயரும் ஊர்ப்பெயரும் அகப்பாடல்களில் இடம்பெறுவதுண்டு. தலைவனும் தலைவியும் மட்டும் பெயரின்றியே நிற்கின்றனர். இவ்விதியை வெறும் இலக்கண வரையறை எனக் கொள்வதினும், பிறர் அகவாழ்வை அணுகும் முறை பற்றிய நெறியாகக் கொள்வது பொருந்தும்.

பெயரை நீக்கினால் மட்டும் இந்நெறி நிறைவேறிவிடாது என்பதற்கு நெடுநல்வாடை பற்றிய உரைக்கருத்து தக்க சான்றாகும். பிரிவுத்துயரைப் பாடும் அப்பாட்டில் தலைவன் பெயர் இல்லை. எனினும் அங்குக் குறிப்பிடப்படும் வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ ஆதலின், நச்சினார்க்கினியர் அதனைப் புறம் என்றார். அக்கருத்தை மறுப்போரும் உளர். ஆயினும் ஆளை இனங்காட்டப் பெயர் வேண்டியதில்லை, ஓர் அடையாளமே போதும் என்னும் நுட்பம் அதனால் புலனாகிறது. பெயரை மாற்றிவிட்டு, காலின் ஊனத்தையும் தெருவின் திருப்பத்தையும் தொழிலையும் உள்ளவாறே வைத்துக்கொள்ளும் நாவலாசிரியர் வேம்பை நீக்காதவராகவே இருக்கிறார்.

நாவலின் இயல்பு

நாவல் இந்நெறிக்கு எதிர்த்திசையில் தமிழுக்கு வந்த வடிவம் எனலாம். பிரதாப முதலியார் சரித்திரம் (1879), விவேக சிந்தாமணி இதழில் 1893 முதல் தொடராக வந்த கமலாம்பாள் சரித்திரம், பத்மாவதி சரித்திரம் (1898) ஆகிய தொடக்ககால நாவல்கள் மூன்றும் ஒருவர் பெயரையும் சரித்திரம் என்னும் சொல்லையும் தலைப்பிலேயே தாங்கியுள்ளன. பெயர், ஊர், சாதி, தொழில், வீட்டின் அமைப்பு ஆகிய தனிக்கூறுகளின்றி நாவல் உயிர்பெறுவது அரிது. எனவே அகப்பாடல் போலப் பொதுமையில் நின்றுவிடுமாறு நாவலாசிரியரை வற்புறுத்த இயலாது. தனித்தன்மையை விடாமலே பிறர் வாழ்வுக்கு ஊறு நேராமல் எழுதுவது எவ்வாறு என்பதே அவர்முன் உள்ள வினா.

அலரும் பாட்டும்

இவ்விடத்தில் அலர் என்னும் கருத்தாக்கம் உதவுகிறது. களவொழுக்கம் பற்றிய முணுமுணுப்பு அம்பல். அதுவே ஊரறிந்த பேச்சாக விரிவது அலர். அலரைப் பற்றிய பாடல்கள் பல. ஆயினும் அலர் தூற்றும் ஊருக்குத் தலைவியின் பெயர் தெரியும்; பாட்டு அப்பெயரைச் சொல்வதில்லை. ஊருக்கு அவள் உள்ளம் தெரியாது. பாட்டு அதனை மட்டுமே சொல்கிறது. ஒரே நிகழ்வைப் பற்றிய இரு கூற்றுகள் இவ்வாறு எதிரெதிர் நிற்கின்றன. அலர் செயலை அறிந்து ஆளைச் சுட்டுகிறது; பாட்டு ஆளை மறைத்து உள்ளத்தைத் திறக்கிறது.

நாவலுக்கும் இதுவே அளவுகோலாகலாம். ஊரார் அறிந்த செயலையே நாவலும் கூறி நின்றுவிடின், அது அச்சேறிய அலராகும். அச்செயலைச் செய்தவரின் உள்ளே சென்று, அவருக்கு அவர் செயல் எவ்வாறு நியாயமாகத் தோன்றியது எனக் காணும்போதுதான் புனைவு தொடங்குகிறது. பிறர் உள்ளம் எவர்க்கும் நேரே தெரிவதன்று, கற்பனையால் ஆக்கப்படுவது. அவ்வாறு ஆக்கப்படும் பாத்திரம் மூல மனிதரினின்று தானே விலகிவிடுகிறது. எனவே கற்பனை குறையும் இடத்திலேயே அறமும் குறைகிறது.

ஒரு மறுப்பு

பெயர் சுட்டாமை கொடுமை செய்தோரைக் காக்கும் திரையாகாதா என வினவலாம். புறத்திணை பெயர் சுட்ட இடந்தருவது இங்கு நினைக்கத்தக்கது. பொதுவாழ்வின் கொடுமை புறத்தின்பாற்படும். அதனை மறைப்பது அறமன்று. பாமாவின் கருக்கு (1992) சாதிக்கொடுமையையும் கிறித்தவ நிறுவனங்களுக்குள் நிலவும் பாகுபாட்டையும் வெளிப்படையாகப் பேசுகிறது. தன்வரலாற்றுத் தன்மையுடைய அந்நூலில் கதைசொல்லியின் பெயர் மட்டும் சொல்லப்படுவதில்லை. அதனால் ஒருவர் துயர் ஒரு சமூகத்தின் துயராக விரிகிறது. கொடுமையைச் சுட்டுவதும் துயருற்றவர் பெயரைச் சுட்டாமையும் ஒரே நூலில் இசைந்து நிற்கக் காண்கிறோம்.

இங்குக் கூறப்படும் அறம் தடைவிதிப்பன்று. பெருமாள்முருகனின் மாதொருபாகன் (2010) எதிர்ப்புக்குள்ளானபோது, சென்னை உயர்நீதிமன்றம் 2016 சூலையில் எழுத்தாளர் உரிமையை உறுதிசெய்தது. அவ்வுரிமை பேணப்பட வேண்டியதே. இக்கட்டுரை எழுப்பும் வினா, உரிமையுடைய எழுத்தாளர் தமக்குத் தாமே எழுப்பிக்கொள்ள வேண்டியது. கூட்டத்தாரோ அரசோ அவரிடம் எழுப்புவது அன்று.

முடிவுரை

பிறர் வாழ்வை எழுதலாமா என்னும் வினாவிற்குப் பெயர்மாற்றம் விடையாகாது. பொதுக்கொடுமையை வெளிப்படக் கூறலும், தனிவாழ்வின் அடையாளங்களைக் களைதலும், செயலுக்குப் பின்னுள்ள உள்ளத்தைக் கற்பனையால் முழுமையாக ஆக்குதலும் நாவலாசிரியரின் கடமைகள் எனலாம். இவற்றுள் இறுதியானதே அரியது. தம் பகைவரை முன்மாதிரியாகக் கொண்டு எழுதும்போது அது மேலும் அரிதாகிறது. அப்பகைவர் அப்பக்கங்களைப் படிக்க நேர்ந்தால், ஊர் தமக்கு ஒருபோதும் அளிக்காத செவியை இந்நூல் அளித்துள்ளது என உணர இயலுமா என்பதே புதிதாக எழுத வருவோர் தம் கையெழுத்துப்படியை வைத்துப் பார்க்கத்தக்க சோதனையாகும்.