சமாதானச் செபமும் பிடியரிசியும்



செபமாலை முடிந்து, கடைசியாக உலக சமாதானத்துக்கென்று ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சேர்த்துச் சொல்லுவது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். நல்ல வழக்கம். அதைக் குறை சொல்ல இந்தப் பக்கத்தை எழுதவில்லை. ஆனால் ஒரு காரியத்தை உங்களோடு மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

2022-ல் உக்ரேனில் யுத்தம் மூண்டபோது செபித்தோம். 2023-ல் காசாவில் மூண்டபோதும் செபித்தோம். அந்தத் தேசத்து ஊர்ப்பெயர்கள் நம் பாட்டிமாரின் வாயில்கூட நுழைந்துவிட்டன. அதே பாட்டியின் வீட்டில், மதில் ஓரத்து ஒன்றரை அடி மண்ணுக்காக அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி ஏழு வருஷம் ஆகிறது. நன்மை வாங்க இருவரும் ஒரே வரிசையில் வருகிறார்கள். நடுவில் நாலு பேரை விட்டு நிற்கிறார்கள். யாரைச் சொல்லுகிறேன் என்று பக்கத்திலிருப்பவரைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். ஒரு வீட்டை மாத்திரம் சொல்லவில்லை.

அர்ச். இயாகப்பர் தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு மனிதனை நமக்குக் காட்டுகிறார். உடுக்கத் துணியும் அன்றைய சோறும் இல்லாத சகோதரன் ஒருவனுக்கு அவன் சமாதானம் கூறுகிறான். குளிர் காய்ந்து வயிறாரச் சாப்பிடும்படி வாயாலே வாழ்த்துகிறான். கையிலே ஒன்றும் கொடாமல் அனுப்பிவிடுகிறான். அதனால் என்ன பிரயோசனம் என்பதே அப்போஸ்தலரின் கேள்வி. கவனியுங்கள், அந்த மனிதன் பொல்லாதவன் அல்ல. ஏசவில்லை, நாயை அவிழ்த்துவிடவில்லை. சமாதானம் என்கிற நல்ல வார்த்தையைத்தான் சொன்னான். அந்த நல்ல வார்த்தையே அவன் கதவுக்குத் தாழ்ப்பாளாய்ப் போயிற்று.

இனி நம் பாதுகாவலராகிய அர்ச். சவேரியாரிடம் வருவோம். டிசம்பர் 3-ந் தேதித் திருநாளில் அவருடைய தேரைக் காண வராத குடும்பம் நம்மில் எது? வேணாட்டின்மேல் வந்த வடுகர் சேனையை அவர் சிலுவையை உயர்த்திப் பிடித்துத் தனியே நின்று தடுத்தார் என்றும், அரசன் மகிழ்ந்து கோட்டாற்றில் கோவிலுக்கு இடம் கொடுத்தான் என்றும் நம் முன்னோர் சொல்லிவந்த வரலாறு உங்களுக்கு மனப்பாடம். பிள்ளைகள் நாடகம் போட்டால் அந்தக் காட்சியைத்தான் போடுவார்கள். தாடி ஒட்டிக்கொள்ள அதைவிட நல்ல கதை கிடையாது. எனக்கோ அதே 1544-ம் வருஷத்தில் நடந்த வேறொரு காரியத்தின்மேல்தான் பிரியம் அதிகம். அது அவர் தம் துணைவராகிய பிரான்சிஸ் மான்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில் இருக்கிறது. அது வெற்றியின் கதை அல்ல.

அந்த வருஷம் ஜூன் மாதத்தில் வடுகரின் குதிரைப் படை கடற்கரை ஊர்களில் புகுந்து கொள்ளையிட்டது. குமரிமுனைப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வீடுவாசலை விட்டு ஓடிக் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். இன்று விவேகானந்தர் மண்டபமும் வள்ளுவர் சிலையும் நிற்கிற பாறைகளை எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் பெண்டு பிள்ளைகளோடு, மேலே வெயிலும் சுற்றிலும் உப்புத்தண்ணீருமாய் இருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பசியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். செய்தி மணப்பாட்டில் இருந்த சவேரியாருக்கு எட்டியது. அவர் 20 தோணிகளைச் சேர்த்துக்கொண்டு அவர்களுக்கு உதவப் புறப்பட்டார்.

போய்ச் சேரவில்லை. எதிர்க்காற்று விடவில்லை. ஆனி ஆடிக் காற்றில் கிழக்குக் கரையிலிருந்து முனையைப் பார்க்கத் தோணி செலுத்துவது என்னவென்று நம் கடற்கரைப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்லுவார்கள். தண்டு வலித்தும் பாய் மாற்றியும் பயன்படாமல் 20 தோணிகளும் திரும்பின. ஒரு அர்ச்சியசிஷ்டவரின் பிரயாணம் காற்றிலே தோற்றுப்போயிற்று என்று சொல்ல நமக்குக் கூச்சமாயிருக்கிறது. அவருக்கு இல்லை, உள்ளபடி எழுதிவிட்டார்.

அந்த இடத்தில் நாமாயிருந்தால் என்ன செய்திருப்போம்? "நம்மால் ஆனதைச் செய்தோம், இனி சர்வேசுரன் பார்த்துக்கொள்வார், ஒரு நவநாள் செபம் வைப்போம்" என்று சொல்லியிருப்போம். அவர் கரையில் இறங்கி, தரைவழியாக நடந்தே முனைக்குப் போனார். அங்கே கண்டதைப் பின்னால் ஆகஸ்ட் முதல் தேதிக் கடிதத்தில் சொல்லுகிறார். சாப்பிட ஒன்றுமில்லாதவர்கள், வயது முதிர்ந்து நடக்கமாட்டாதவர்கள், செத்துக் கிடந்தவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார்கள். அந்த ஏழைகளையெல்லாம் மணப்பாட்டுக்கு வரச் செய்தார். பணக்காரரின் இருதயம் இவர்கள்பேரில் இளகும்படி ஆண்டவரை மன்றாடச் சொல்லுகிறார்.

ஆக, அவரும் செபித்தார். பிறரையும் செபிக்கச் சொன்னார். ஆனால் அந்தச் செபத்துக்குக் குறி இருந்தது. இன்னாருக்குச் சோறு வேண்டும், இன்னாருடைய மனம் இளக வேண்டும் என்று விண்ணப்பம் தெளிவாயிருந்தது. நடந்த காலில் புழுதி இருக்கும்போதே சொன்ன செபம் அது. சமாதானத்துக்காக என்று பொதுவாய்ச் சொல்லிக் கண்ணை மூடுகிற நமக்கு, யாருக்கும் யாருக்கும் நடுவில் சமாதானம் என்று கேட்டால் பதில் வராது.

நம் ஜில்லாவிலே சமாதானம் குலைந்த காலம் ஒன்றை இங்கே நினைக்காமல் தீராது. இப்போது ஐம்பதும் அறுபதும் கடந்தவர்களுக்கு அது மறக்காது; பிள்ளைகளிடம் அதைச் சொல்லத்தான் நாம் தயங்குகிறோம். 1982-ம் வருஷம் மார்ச் முதல் தேதி மண்டைக்காட்டில் மாசித் திருவிழாச் சமயத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் கலகம் உண்டாகி, போலீசார் சுட்டதில் உயிர்கள் போயின. கலகம் அந்த ஊரோடு நிற்கவில்லை. அந்த மாதத்தில் இரண்டு பக்கத்திலும் வீடுகள் அழிந்தன. இரண்டு பக்கத்திலும் தாய்மார் அழுதார்கள். யார் முதலில் கல் எறிந்தார் என்ற கணக்கை நான் இங்கே எடுக்கப்போவதில்லை. அதற்கு நீதிபதி வேணுகோபால் கமிஷன் உட்கார்ந்தது. நமக்கு வேண்டியது வேறு: கல் பறப்பதற்கு முன்னே வாய்ச்சொல் பறந்தது. அப்போது தேநீர்க் கடையில் பறந்தது இப்போது கைப்பேசியில் பறக்கிறது. மெய்யா பொய்யா என்று பாராமல் ஒரு விரலால் பத்துப் பேருக்குத் தள்ளிவிட்டு, அதே விரலால் செபமாலை மணியை உருட்டுகிறோமே!

அந்த நாட்களில் குன்றக்குடி அடிகளார் நம் ஜில்லாவுக்கு வந்தார். சைவ மடத்துக்குத் தலைவர். இரண்டு தரப்பாரையும் நேரில் கண்டு பேசி, அமைதி உண்டாகப் பாடுபட்டார். அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் சமாதானம் செய்கிறவர்களை ஆண்டவர் மலையின்மேல் பாக்கியவான்கள் என்றபோது என்ன கருத்தில் சொன்னாரோ, அதை நம் கண்முன் செய்துகாட்டியவர் அவர் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

பிறகு 22 வருஷம் கழிந்தது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடி என்று கடல் ஏறி வந்து சனங்களை வாரிக்கொண்டு போயிற்று. உயிர் தப்பினவர்கள் ஈரத்துணியோடு உள்நாட்டுக்கு ஓடிவந்தார்கள். பள்ளிக்கூடங்களும் கல்யாண மண்டபங்களும் திறந்தன. 1982-ல் எந்த வழியாகப் போகக் கடற்கரையாரும் உள்நாட்டாரும் ஒருவருக்கொருவர் அஞ்சினார்களோ, அந்த வழியாகவே சோற்றுப் பானைகள் போயின. இலை போட்டவர் நெற்றியில் நீறு இருந்ததா, உண்டவர் கழுத்தில் உத்தரியம் இருந்ததா என்று அன்று யாரும் பார்க்கவில்லை. எத்தனை கூட்டம் போட்டுப் பேசியும் ஆறாமல் கிடந்த ஏதோ ஒன்று அந்த இலைகளின் முன்னே ஆறிற்று என்றே நான் எண்ணுகிறேன். தண்ணீர் வந்துதான் ஆற வேண்டுமா என்பதுதான் துக்கம்.

பாப்பரசர் 23-ம் அருளப்பர் 1963 ஏப்ரல் 11-ந் தேதி "அவனியில் அமைதி" என்னும் நிருபத்தை வெளியிட்டார். கியூபாவை முன்னிட்டு உலகம் அணுகுண்டு யுத்தத்தின் வாசல்வரை போய்த் திரும்பி ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. சத்தியம், நீதி, சிநேகம், சுயாதீனம் என்கிற நாலு தூணின்மேல்தான் சமாதானம் நிற்கும் என்று அதில் போதித்தார். இப்போதைய பாப்பரசர் 14-ம் லியோ (பழைய வழக்கப்படி சிங்கராயர் என்று எழுதினால் பெரியவர்களுக்கு இனிக்கும்) 2025 மே 8-ந் தேதி மாடத்தில் வந்து நின்று முதன்முதல் சொன்னதும் சமாதானம் என்கிற வாழ்த்தைத்தான். உரோமையிலிருந்து அந்த வார்த்தை நம் பங்குக்கு வந்து சேர எத்தனை நேரம் ஆயிற்று? தொலைக்காட்சியில் ஒரு நொடி. நம் தெருவுக்குள் வந்து சேர?

தெரு என்றதும் இன்னொன்று. நம் கோவிலுக்குள்ளேயே அர்ச். தேவசகாயம் அவர்களின் கல்லறை இருக்கிறது. எல்லாச் சாதியாரோடும் சமமாய்ப் பழகினார் என்பது அவர்மேல் மூண்ட பகைக்கு ஒரு காரணம். 1752 ஜனவரி 14-ல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022 மே 15-ல் அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தப்பட்டார். அந்தக் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தி வெளியே வந்து, "அவங்க தெருவுக்கு நாம எதுக்குப் போகணும்?" என்று கேட்கிறவர்கள் நம்மில் இல்லை என்றால் சந்தோஷம். இருந்தால், அவர்களுக்கு இந்த ஒரு பத்தி.

சரி, செய்ய வேண்டியது என்ன? புதிதாய் ஒன்றும் வேண்டாம். நம் தாய்மார் சோற்றுக்கு அரிசி அளந்தபின் ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போட்டுவந்தது நினைவிருக்கிறதா? "பிடியரிசி போட்டியா மக்களே?" என்று பாட்டி அடுப்படியிலிருந்து கேட்பது பெரியவர்களுக்கு இன்னும் காதில் விழும். அந்த ஒரு பிடியால் வீட்டில் யாருக்கும் வயிறு குறையவில்லை. இப்போது குக்கர் வந்தது. உழக்குப் போய்ப் பிளாஸ்டிக் குவளை வந்தது. பிடியரிசி பல வீடுகளில் நின்றுபோயிற்று. பானை நின்றதோடு, இந்த அரிசி யாருக்குப் போகும் என்ற பேச்சும் வீட்டில் நின்றது. எனக்கு அரிசியைவிட அந்தப் பேச்சு நின்றதுதான் பெரிய நஷ்டமாய்த் தோன்றுகிறது.

வின்சென்ட் தே பவுல் சபை 1833 ஏப்ரல் 23-ல் பாரிஸ் பட்டணத்தில் பிறந்தது. தொடங்கியவர்களில் முதன்மையானவராகிய பிரடெரிக் ஓசானாமுக்கு அன்றைக்குத்தான் 20 வயது நிறைந்தது. கல்லூரிப் பிள்ளைகள். உங்கள் வேதம் இப்போது என்ன செய்கிறது என்று எதிராளிகள் கேட்ட கேள்விக்கு மேடையில் பதில் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு தங்களுக்கென்று வைத்திருந்த விறகை ஒரு ஏழை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனார்கள். இன்றும் அந்தச் சபையில் கூட்டந்தோறும் ஒரு இரகசியப் பை சுற்றும். போடுகிறவன் எவ்வளவு போட்டான் என்று பக்கத்திலிருப்பவனுக்குத் தெரியாது. பிறகு இரண்டிரண்டு பேராய் வீடு பார்க்கப் போவார்கள். வீட்டுக்குப் போவதுதான் முக்கியம். பொருளை ஆளிடம் கொடுத்தனுப்பினால் பசி தீரும். முற்றத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினால்தான், அந்தக் கிழவிக்கு அரிசியல்ல, கண்ணுக்குக் கண்ணாடிதான் வேண்டும் என்பது தெரியவரும்.

ஆதலால் இந்த மாதம் இப்படிச் செய்வோம். செபமாலை முடிந்து சமாதானத்துக்கென்று சொல்லுகிற மந்திரத்துக்கு முன் வீட்டுப் பெரியவர் இரண்டு பெயரைச் சொல்லட்டும். ஒன்று, நாம் பேசாமலிருக்கிற ஒருவருடைய பெயர். மற்றது, நம் தெருவில் கஷ்டப்படுகிற ஒருவருடைய பெயர். அவர் எந்த மதத்தாராயிருந்தாலும் சரி. பெயர் வாயில் வரவில்லையானால் அன்றைக்கு அந்த மந்திரத்தைச் சொல்லாமல் சற்று மௌனமாயிருங்கள். பெயர் வந்தால், மறுநாள் அந்த வீட்டுப் படி ஏறுங்கள். முதல் தடவை கதவு திறக்காமலும் போகலாம். 20 தோணி திரும்பின கதையைத்தான் மேலே சொன்னேன்.

பிடியரிசிக்கு ஞாயிறு முதல் பூசையிலிருந்து கோவில் முகப்பில் ஒரு சாக்கு வைத்திருக்கும். கொண்டுவருவதை நேரே அதில் கொட்டிவிடலாம். பெயர் எழுத நோட்டுப் புத்தகமோ ஆளோ அங்கே இராது.