நாகசேனரும் 936-உம்

1981 தொடக்கத்தில் போர்ஷே நிறுவனத்தின் தலைவராக வந்த பீட்டர் ஷுட்ஸ், அந்த ஆண்டில் எந்தப் பந்தயம் பெரியது என்று பொறியாளர்களைக் கேட்டார். லெ மான் 24 மணி நேரப் பந்தயம் என்றார்கள். ஜெயிப்போமா என்றார். கைவசம் இருக்கும் வண்டிகளுக்கு முதலிடம் கிடைக்க வழியே இல்லை என்றார்கள். ஜெயிக்கிற எண்ணம் இல்லாமல் அங்கே போவதை அவர் ஒப்பவில்லை. வேறு வழியில்லாமல் அருங்காட்சியகத்தில் நின்ற 936 என்ற டர்போ வண்டிகள் வெளியே வந்தன.

பழைய இன்ஜின் போதாது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்துக்காகச் செய்து, அங்கே விதி மாறியதால் ஒரு பந்தயத்திலும் ஓடாமல் போன 2.65 லிட்டர் டர்போ இன்ஜின் ஒன்று கைவசம் இருந்தது. அதை ஏற்றினார்கள். அதன் பலத்தைத் தாங்க, 917 என்ற முந்தைய போர்ஷே வண்டியின் அமெரிக்கப் பந்தய வடிவத்துக்கு இருந்த நாலு கியர் பெட்டியைப் பூட்டினார்கள். ஜாக்கி இக்ஸும் டெரெக் பெல்லும் ஓட்டி, இரண்டாவதாக வந்த வண்டியைவிட 14 சுற்று கூடுதலாகப் போய் ஜெயித்தார்கள். வண்டியின் மேல் ஒரு வாசனைத் திரவியத்தின் பெயர் வேறு.

பழைய உடம்பு, வேறு இன்ஜின், வேறு கியர் பெட்டி என்றால், ஜெயித்தது எந்த வண்டி? இது எனக்குப் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. நாமக்கல்லில் லாரி டர்போக்களைப் பிரித்துச் சரிசெய்வது என் தொழில். 936-க்கு டர்போ செய்த கேகேகே என்ற ஜெர்மன் நிறுவனம் லாரிகளுக்கும் டர்போ செய்தது. அந்த வழியாகத்தான் இந்த வண்டியின் மேல் எனக்குப் பித்துப் பிடித்தது. புகைபோக்கிக்குப் போகிற காற்றை மடக்கி ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற வேலை அது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போகும் பொருளில் எதுவும் நெடுநாள் நிற்காது. தண்டு, பேரிங், சீல், சில சமயம் கோர் முழுக்கவே மாற்றிக் கொடுப்பேன். “அண்ணே, இது நம்ம பழைய டர்போதானே?” என்று டிரைவர் கேட்பார். “ஆமாப்பா, உன்னுதுதான்” என்பேன். ஓடு மட்டும்தான் அவருடையது. இருவரும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

அரசாங்கத்திடம் இதற்குச் சுலபமான விடை உண்டு. ஆர்டிஓ அலுவலகத்தில் சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார்கள். எண் இருந்தால் வண்டி இருக்கிறது. பழைய பந்தயக் கார் சேகரிப்பவர்களும் இதே கட்சிதான். எண் பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் வேறு விலை. விற்பனைக்கு இது போதும்.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மிலிந்தனிடம் நாகசேனர் என்ற பௌத்த துறவி இதையே கேட்டதாக மிலிந்த பன்ஹா என்ற நூல் சொல்கிறது. எதில் வந்தாய் என்றார். தேரில் என்றான். ஏர்க்காலா தேர்? அச்சா? சக்கரமா? இல்லை, இல்லை, இல்லை. இவற்றைத் தவிர்த்து வேறு ஏதாவதா? அதுவும் இல்லை. பல உறுப்புகள் ஒரு விதமாகக் கூடியிருப்பதற்கு வைத்த பெயர்தான் தேர், அதற்குள் தேர் என்று தனியாக ஒன்று உட்கார்ந்திருக்கவில்லை என்ற இடத்துக்கு அரசனைக் கொண்டுவந்து சேர்த்தார். மனிதனும் அப்படியே என்பது அவர் சொல்லவந்த செய்தி.

நியாய வைசேடிகத் தத்துவவாதிகளுக்கு இது ஆகாது. உறுப்புகளுக்கு மேல் முழுமை என்று ஒரு தனிப்பொருள் உண்டு என்பது அவர்கள் கட்சி. ஆனால் ஓர் உறுப்பு போனால் பழைய முழுமை அழிந்து புதிய முழுமை பிறக்கும் என்றும் சொல்வார்கள். அதன்படி, ஒவ்வொரு பிரேக் கட்டை மாற்றத்துக்கும் ஒரு புதிய கார். லெ மானில் விடியும்போது கோப்பையை எத்தனை வண்டிக்குப் பங்கு போடுவது? எனக்கு நாகசேனர்தான் சரிப்படுகிறார். பிறக்கும்போதே 936 ஒரு கூட்டுதான்: 908, 917 என்ற முந்தைய வண்டிகளின் வழிமுறைகளையும் உறுப்புகளையும் கடன்வாங்கி 1976-இல் வந்தது. டர்போ இன்ஜினின் கொள்ளளவை 1.4-ஆல் பெருக்கி 3 லிட்டருக்குள் வரவேண்டும் என்பது அன்றைய விதி. அதற்காகவே 2142 கன சென்டிமீட்டரில் இன்ஜின் வைத்தார்கள். பெருக்கிப் பாருங்கள், மயிரிழையில் அடங்கும்.

அதே நூலில் இன்னொரு கேள்வியும் உண்டு. இரவு முழுக்க எரியும் விளக்கில், முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றா? அதுவும் அல்ல, வேறும் அல்ல. அதே விளக்கைச் சார்ந்துதான் இரவெல்லாம் எரிந்தது. 1977 ஜூன் லெ மான் பந்தயத்தை நினைக்காமல் எனக்கு இந்தப் பகுதியை வாசிக்க முடிவதில்லை. யூர்கன் பார்த்தும் ஹர்லி ஹேவுட்டும் ஓட்டிய 936, பெட்ரோல் செலுத்தும் பம்ப் கெட்டு, அதை மாற்றியதில் 40-ஆவது இடத்துக்கும் கீழே போய்விட்டது. இக்ஸ் ஓட்டிய இன்னொரு 936-இன் இன்ஜின் மாலையிலேயே உடைந்தது. அவரை இந்த வண்டிக்கு மாற்றினார்கள். இரவெல்லாம் இக்ஸ் விரட்டினார்; முன்னால் போன ரெனோ வண்டிகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. காலையில் இது முதலிடம். கடைசி மணி நேரத்தில் ஒரு பிஸ்டன் செத்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, அந்தச் சிலிண்டரை மட்டும் அடைத்துவிட்டு, நேரம் முடியும் முன் கோட்டைக் கடக்க வேண்டும் என்பதால் பார்த்தை அனுப்பினார்கள். அவர் போர்ஷேயிலேயே மெக்கானிக் வேலை பழகியவர். வண்டி எங்கே வலிக்கிறது என்று காதிலேயே தெரியும். ஐந்து சிலிண்டரில் ஊர்ந்து வந்து ஜெயித்தார். புறப்பட்டது ஆறு சிலிண்டர், இரண்டு ஓட்டுநர்; வந்து சேர்ந்தது ஐந்து சிலிண்டர், மூன்று ஓட்டுநர். அதுவும் அல்ல, வேறும் அல்ல.

ஆன்மா என்று ஒன்று இடம் மாறாமலே மறுபிறப்பு எப்படி என்றால், ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவதுபோல என்கிறார் நாகசேனர். 1981-இல் பழைய உடம்பில் ஏறிய அந்த 2.65 லிட்டர் இன்ஜின் வகை, மறு ஆண்டே 956 என்ற புதிய உடம்பில் லெ மானுக்கு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என எண் ஒட்டிய வண்டிகள் அதே வரிசையில் முதல் மூன்று இடங்களையும் எடுத்தன.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு முள் இருக்கிறது. தேர் வெறும் பெயர் என்ற மரபினரே புத்தரின் எலும்பைப் பங்கிட்டுத் தூபி கட்டினார்கள். கண்டியில் இன்றும் பல்லுக்குப் பூசை நடக்கிறது. மிலிந்தன் இதையும் விடவில்லை. புத்தர் பூசையை ஏற்கிறார் என்றால் அவர் முற்றாக அவியவில்லை. ஏற்கவில்லை என்றால் பூசை வீண் என்று மடக்கினான். பெருநெருப்பு அவிந்த பின்னும் நெருப்பு வேண்டுபவன் தன் முயற்சியால் கட்டையைக் கடைந்து எடுத்துக்கொள்வான் என்றார் நாகசேனர். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டாலும் வணங்கியவனுக்குப் பலன் உண்டு.

அப்படியென்றால் ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்தில் 936-க்கு முன்னால் கண் கலங்கி நிற்பவரைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். எதற்கு முன்னால் நிற்க வேண்டும் என்பதில்தான் என் வழக்கு. பல் என்பது அந்த உடம்பிலேயே இருந்தது. ஒரு பந்தய வண்டியில் அந்த ராத்திரியை உண்மையில் அனுபவித்தவை தேய்ந்த பிரேக் கட்டைகள், கெட்டுப்போன பம்ப், செத்த பிஸ்டன். கழற்றி வீசப்பட்டவை எல்லாம் அவைதான். பளபளப்பாகத் துடைத்து மேடையில் நிறுத்தியிருப்பதில் எது அன்று ஓடியது, எது பிறகு வந்தது என்று சேசிஸ் எண் சொல்லாது. எனக்கு வரம் கிடைத்தால் 1977-இன் அந்தப் பிஸ்டனைக் கேட்பேன், யாரும் அதை உருக்கியிருக்காவிட்டால்.