செவிக்குள் அடைபடும் ஆகாயம்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் அதை ஒட்டிய முஸ்தஃபா சென்டரிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கம்பியில்லா ஹெட்போன்கள் அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்றவைதாமா என்று சோதிப்போர், காதில் அவை நழுவாமல் நிற்கின்றனவா, மின்கலம் ஒரு நாள் தாங்குகிறதா, படம் பார்க்கையில் உதட்டசைவுக்குப் பின்தங்கிப் பேச்சு கேட்கிறதா என்னும் அளவில் நின்றுவிடுகின்றனர். ஆயினும் எம்ஆர்டி ரயிலில் கந்த சஷ்டி கவசத்தை இக்கருவியின் வழியே கேட்டுக்கொண்டு வேலைக்குச் செல்லும் அடியவரை எண்ணும்போது, சமயத்தைச் சார்ந்த வேறொரு வினாவும் எழுகிறது: அருகில் நிற்பவருக்கும் எட்டாமல் ஒருவர் செவியில் மட்டும் ஒலிக்கும் துதி, பலர் கூடிக் கேட்கும் துதியோடு ஒத்த வழிபாடாகுமா?

நியாய வைசேடிகத் தத்துவ மரபில் இதற்குப் பொருந்தும் நுட்பமான கொள்கை ஒன்று உண்டு. ஒலி ஆகாயத்தின் குணம் என்றும், ஆகாயம் எங்கும் நிறைந்த ஒரே பொருள் என்றும் கொள்ளும் அம்மரபு, செவிப்பொறி என்பது தசையோ தோலோ அன்று, காதுத்துளையால் எல்லை வகுக்கப்பட்ட அந்த ஆகாயமே என்று கூறுகிறது. நீரில் ஓர் அலை அடுத்த அலையை எழுப்புவதுபோல ஓர் ஒலி மற்றோர் ஒலியைத் தோற்றுவித்துச் செவியை வந்தடையும் முறையை அம்மரபின் நூல்கள் வீசிதரங்க நியாயம், அதாவது அலைத்தொடர் நெறி, என்கின்றன. காற்றின் அதிர்வே ஒலி என்னும் இன்றைய இயற்பியல் இதை அவ்வாறே ஏற்காது; எனினும் கேட்போர் அனைவரின் செவியும் அடிப்படையில் ஒன்றே, எல்லைகள்தாம் வேறு என்னும் கருத்து ஆழ்ந்து எண்ணத்தக்கது. ஹெட்போனின் மென்மையான முனை துளையை இறுக மூடினால்தான் தாழ்ந்த சுருதிகள் நிறைவாகக் கேட்கும் என்பதால், எல்லோருக்கும் பொதுவான ஆகாயத்திலிருந்து தன் பங்கை அடைத்துக்கொண்ட பிறகே ஒருவர் அதில் இசையை நன்றாக அனுபவிக்க முடிகிறது.

ஒலியின் எல்லை எது என்பது சிங்கப்பூரில் ஏட்டளவில் நின்ற ஆய்வாக இருந்ததில்லை. மக்களில் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர்; ஒவ்வொரு புளோக்கிலும் பல இனத்தவரும் கலந்து குடியிருக்க வேண்டும் என்னும் விதி 1989ல் வந்தது. அதற்கு முன்பே, 1970களின் நடுவில், பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் உட்புறமாகத் திருப்பப்பட்டு, தொழுகை அழைப்பு வானொலியில் ஒலிபரப்பாகத் தொடங்கியது. தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973ல் விதிக்கப்பட்ட தடை, சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரையிலான பாதையில் மூன்று இடங்களில் மட்டும் 2016ல் தளர்த்தப்பட்டது. காவடியை இசையின்றிச் சுமக்க நேர்ந்தவர்களின் மனக்குறை மெய்யானது. சுவருக்கு அப்பால் உள்ளவரின் அமைதியும் மெய்யானது.

தனித்த ஒலியைச் சமயம் இழிவாகக் கருதவில்லை. மந்திரத்தை வாய்விட்டு உருவேற்றுவது வாசிகம், உதடு மட்டும் அசைய ஓதுவது உபாஞ்சு, மனத்துக்குள் எண்ணுவது மானசம் என வகுத்து, ஒன்றினும் அடுத்தது உயர்ந்தது என்றே நூல்கள் வரிசைப்படுத்துகின்றன. ஆனால் திருக்கோட்டியூரில் மறைவாகப் பெற்ற உபதேசத்தை இராமானுசர் கோயிலின் மேலேறி அனைவரும் கேட்க அறிவித்தார் என்று வைணவ குருபரம்பரை போற்றுவதும் இதே மரபில்தான். முன்னது ஒருவர் தம் மனத்தைத் திருத்திக்கொள்ளும் வழி. பின்னது அருளைப் பங்கிடும் செயல். ஹெட்போன் முன்னதற்கு உதவும் கருவியே தவிரப் பின்னதற்கு மாற்றாகாது. தாலி கட்டும் வேளையில் தும்மல் போன்ற அமங்கல ஒலிகளை மறைக்க முழங்கும் கெட்டிமேளமும் இரைச்சலை மூடுவதுதான். ஆனால் அது அங்கே கூடியிருப்போர் அனைவருக்குமாக மூடுகிறது.

இரைச்சல் நீக்கம் என்னும் தொழில்நுட்பத்தில், வெளியோசையை நுண்ணிய ஒலிவாங்கி ஏற்க, அதற்கு நேரெதிரான அலையைக் கருவி உண்டாக்கி இரண்டையும் ஒன்றையொன்று தணிக்கச் செய்கிறது. விலை குறைந்த கருவிகளில் இவ்வசதி பெரும்பாலும் இராது, இருந்தாலும் வலுக்குறைந்ததாக இருக்கும். வாங்குவோர் குறையாக எண்ணும் இதனை நன்மையாகவே கொள்ளலாம். ஏனெனில் கேள்விச் செல்வத்துக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் போற்றிய செவி, பிறர் சொல்லுக்கு இடங்கொடுக்கும் செவி. தேக்கா சந்தையில் வழி கேட்கும் முதியவரின் குரல் துதியின் ஊடே எட்டுமாயின், அத்துதிக்கு அதனால் இழுக்கு ஒன்றுமில்லை.

இம்முடிவை எல்லோருக்கும் ஒரே அளவாக விதிப்பதும் தகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் கூடும் வெளிநாட்டு ஊழியர்கள், ஓர் அறையைப் பலரோடு பகிர்ந்துகொள்ளும் விடுதிகளில் வாழ்கின்றனர். இரவு வேலை முடித்து ஒருவர் உறங்கும்போது, அடுத்த கட்டிலில் இருப்பவர் ஊரிலுள்ள தாயோடு பேசவும் தம் குலதெய்வத்தின் பாடலைக் கேட்கவும் அந்த மலிவான கருவியையே நம்பியிருக்கிறார். கதவும் சுவரும் தமக்கென இல்லாத அவருக்குக் காதளவு ஆகாயம் மட்டுமே சொந்தம். அதை அவர் மூடிக்கொள்வதைப் பிறரிடமிருந்து விலகுதல் என்று எந்தத் தத்துவத்துக்கும் குறைகூற இடமில்லை.