மனத்தின் புகலிடம்

துயரமும் அச்சமும் மேலிடும்போது மனம் ஒதுங்குவதற்கு ஓரிடத்தைத் தேடுகிறது. குழந்தை தாயின் மடியை நாடுகிறது. முதியவர் கோயில் பிராகாரத்தில் ஒரு தூணடியை நாடுகிறார். இல்லத்தரசி பூஜையறையிலோ மொட்டை மாடியிலோ சற்று நேரம் அமர்ந்துவிட்டு வருகிறார். இந்த நாட்டம் இயல்பானது. ஆயினும் இதையொட்டி ஒரு வினா எழுகிறது. அமைதியை நாடி ஒதுங்குவது, வாழ்க்கையை எதிர்கொள்ள அஞ்சி ஒளிந்து கொள்வது ஆகாதா? புகலிடத்திற்கும் ஒளிவிடத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?

ஹைதராபாத்தின் மேற்கு எல்லையில், மும்பை செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது ராமச்சந்திராபுரம். 1960களில் அங்கு பாரத மிகுமின் நிறுவனத்தின் தொழிற்சாலை எழுந்தது; அதையொட்டி ஊழியர் குடியிருப்பும் வளர்ந்தது. சொந்த ஊரையும் உற்றாரையும் விட்டு வந்து, ஷிப்டு வேலையும் சிறிய வீடுமாக வாழும் குடும்பங்களில் மன அமைதிக்கெனத் தனி அறை ஒதுக்குவது எளிதன்று. அவ்வாறு வாழ்வோர் யாவர்க்கும் பொருந்தும் விடை ஒன்று, அவ்வூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத கோல்கொண்டாக் கோட்டையில் இருக்கிறது. அங்குள்ள ஓர் இருண்ட அறையை இன்றும் 'ராமதாசர் சிறை' என்றே காட்டுகிறார்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த கஞ்சர்ல கோபண்ணா, பின்னாளில் பத்ராசல ராமதாசர் எனப் போற்றப்பட்டவர். கோல்கொண்டா சுல்தான் அபுல் ஹசன் தானாஷாவின் ஆட்சியில் வரி வசூலிக்கும் அதிகாரியாக இருந்த அவர், அரசுப் பணத்தைக் கொண்டு பத்ராசலத்தில் ராமனுக்குக் கோயில் எழுப்பினார் என்ற குற்றத்திற்காகச் சிறையிடப்பட்டார். 12 ஆண்டுகள் அவர் அங்கு இருந்ததாக மரபு கூறுகிறது. அறையின் சுவரில் காணப்படும் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன் உருவங்கள் அவர் கையால் செதுக்கியவை என்பது மக்களின் நம்பிக்கை. தண்டனைக்கென அமைந்த அறையே அவருக்குச் சந்நிதி ஆயிற்று.

அந்தச் சந்நிதியில் அவர் சலனமின்றி வீற்றிருக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. சிறைவாசத்தைக் கூறும் அவருடைய கீர்த்தனைகளுள் ஒன்று, ராமனிடம் கணக்குக் கேட்கிறது. மதில் கட்டியதற்கு இவ்வளவு, பரதனுக்குச் செய்த பதக்கத்திற்கு இவ்வளவு, சீதைக்குச் செய்த அணிக்கு இவ்வளவு என்று பட்டியலிட்டு, யார் வீட்டுப் பணத்தில் இவற்றைப் பூண்டு உலவுகிறாய் என்று கடிந்து கொள்கிறது. அதே பாடலிலேயே, அடி பொறுக்காமல் திட்டிவிட்டேன், மனம் வருந்தாதே என்று இறைஞ்சவும் செய்கிறது. தமிழ்நாட்டு பஜனை மரபும் அவருடைய கீர்த்தனைகளைத் தனதாக்கிக் கொண்டுள்ளது.

இங்கே வினாவிற்கு விடை கிடைக்கிறது. துயரம் நுழையாத இடம் புகலிடம் அன்று. துயரம் அச்சமின்றி வாய் திறக்கக்கூடிய இடமே புகலிடம். ஒளிவிடத்தில் மனிதன் தன் வேதனையைத் தன்னிடமிருந்தே மறைக்கிறான். தொலைக்காட்சியிலோ கைபேசியிலோ மணிக்கணக்காக மூழ்கியிருப்பவனுக்கும் சற்று நேரம் வலி தெரிவதில்லை. எழுந்ததும் வலி அப்படியே காத்திருக்கிறது. புகலிடத்தில் கோபமும் கண்ணீரும் உள்ளபடி சொல்லப்படுகின்றன. சொல்லி முடித்த மனம் தானே தெளிகிறது.

அத்தகைய இடத்தை அமைப்பதற்குப் பொருள் வேண்டுவதில்லை. திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரிடம் கோயில் கட்டப் பணமில்லை. அவர் மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்து, அடித்தளம் முதல் சிகரம் வரை முறையாகக் கட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய பல்லவ மன்னனும் அதே நாளைக் குறித்திருக்க, இறைவன் மன்னனின் கனவில் தோன்றி வேறு நாள் பார்க்கச் சொன்னதாகப் பெரியபுராணம் கூறுகிறது. பூசலாரின் கோயில் ஒரே நாளில் எழுந்ததன்று. அக அமைதியும் அவ்வாறே, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கட்டப்பட வேண்டியது. புயல் வந்த பின் கூரை வேயத் தொடங்குபவன் நனையத்தான் நேரிடும்.

கீதையின் ஆறாம் அத்தியாயம் தியானத்திற்குக் கேட்பதும் எளியதே: தூய்மையான இடம், மிக உயரமும் மிகத் தாழ்வும் அல்லாத உறுதியான ஆசனம். கூடத்தின் ஒரு மூலை, ஒரு பாய், நாள்தோறும் தவறாத ஒரே வேளை இவை போதும். அந்த வேளையில் அவரை அழைக்காதிருப்பது வீட்டிலுள்ள மற்றவர்கள் செய்யும் தர்மம். வீட்டில் அனைவரின் துயரையும் கேட்கும் தாய்க்கு அந்த மூலை கிடைக்கிறதா என்பதையும் குடும்பத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. அடியும் வசையும் அச்சுறுத்தலும் நிலவும் வீட்டில் வாழ்பவரிடம், உள்ளுக்குள் அமைதி காண் என்று மட்டும் உபதேசிப்பது அறமாகாது. அவருக்கு முதலில் தேவை பாதுகாப்பான கூரையும் துணை நிற்கும் மனிதரும். கோபண்ணாவின் மன உறுதியைப் போற்றுவது அவரைச் சிறையிட்டதற்கு நியாயம் கற்பிப்பதாகாது.

ஒதுங்கியவர் எத்தகையவராகத் திரும்பி வருகிறார் என்பதே உரைகல். கடமையை வெறுத்து வருவாராயின் அவர் சென்றது ஒளிவிடம். சொல்லில் கடுமை குறைந்து, பிறர் துயரைக் கேட்கும் பொறுமை கூடியிருக்குமாயின் அது மெய்யான புகலிடம். அவ்வாறு வருபவர் அருகில் அமர்ந்து, இன்னொருவரும் தம் மனத்தைத் திறந்து பேசத் துணிவார்.