மயிலாடும்பாறைப் பானையும் நான் பேசிய பேரமும்

 

நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துல, தொகரப்பள்ளி பக்கம் மயிலாடும்பாறைனு ஓர் இடம் இருக்கு. பேரைக் கேட்டதும் யார் ஞாபகம் வரும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிச்சாங்க. "நம்ம முன்னோர்டா!"னு நான் எல்லா குரூப்புக்கும் ஃபார்வர்டு பண்ணேன். 2025-ல் சிவகளை இரும்பு அதைவிடப் பழசுனு வந்ததும் அதையும் பண்ணேன்.

ஆனா எனக்கு மனசுல தங்கினது இரும்பு இல்ல, அங்க கிடைச்ச கருப்பு-சிவப்புப் பானை. உள்ளேயும் வாய்ப் பக்கமும் கருப்பு, வெளியே சிவப்பு. ரெண்டு கலர் பூசினதில்ல. பானையைக் கவிழ்த்து வச்சு சுடுறாங்க. உள்ளே காத்து போகாம கரியேறி கருப்பாகும். வெளியே காத்து படுற இடத்துல மண்ணுல இருக்கிற இரும்பே சிவப்பாகும். ஒரே மண், ஒரே சூளை. ஓசூர் சிப்காட்டில் ஃபர்னஸ் மீட்டரைப் பார்த்துக்கிட்டே ஷிஃப்ட் ஓட்டுற எனக்கு, மீட்டரே இல்லாம இதைச் செஞ்ச கையை நினைச்சா பக்திதான் வருது.

அந்தக் கை யாரோடது? பானை எந்த மொழியும் பேசாது. நம்ம ஊர்ல ஒரே தெருவுல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கேக்கும். அப்போ "என் முன்னோர்"னு நான் எதை வச்சு சொல்றேன்?

போன கார்த்திகைக்கு ரோட்டோரமா ஒரு அவ்வா அகல் விளக்கு வித்தாங்க. அவங்க தெலுங்குல விலை சொன்னாங்க, நான் தமிழ்ல பேரம் பேசி பத்து ரூபா குறைச்சேன். "ஏரி மண்ணு கிடைக்கிறதே கஷ்டம் சாமி"னாங்க. வீட்டுக்கு வந்து விளக்கேத்தி, முருகனுக்கு ஸ்டேட்டஸ் வச்சப்போதான் உறுத்துச்சு.

பேரம் பேசுறது பாவமானு கேட்டா, இல்லைதான். அவங்களும் பேரத்துக்கு இடம் வச்சுத்தான் விலை சொல்வாங்க. பரிதாபப்பட்டு வாங்குறதும் மரியாதை இல்ல. ஆனா நம்ம வழக்கத்துல முன்னோர்னதும் கூடவே வர்ற சொல் கடன், பிதுர்க்கடன். எள்ளும் தண்ணியும் விட்டு அடைக்கிறோம். நான் பெருமையை மட்டும் எடுத்துக்கிட்டு கடனை மறந்துட்டேன். மண் பிசையுற வேலைக்குப் பட்ட கடனை, இன்னிக்கும் மண் பிசையுறவங்ககிட்டதானே அடைக்க முடியும்? அவங்க எனக்கு ரத்த சொந்தமா, எந்த மொழி பேசுறாங்கங்கிறதெல்லாம் அதுல வராதுனு எனக்குத் தோணுது.

போன வாரம் அவ்வாவைத் தேடிப் போனேன். போன்ல அந்தப் பானைப் படத்தைக் காட்டி, இதே மாதிரி ஆறு அகல் செய்ய முடியுமானு கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. "கவிழ்த்து வச்சுப் பாக்கலாம். உடைஞ்சா?"

உடைஞ்சாலும் காசு தரேன்னு முன்பணம் கொடுத்துட்டு வந்திருக்கேன்.

வேலும் மயிலும் துணை.