பாயைச் சுருக்குவது கோழைத்தனமா?

"படகு அவனுடையது, உயிரும் அவனுடையது. தனியே கடலுக்குப் போவதும் போகாததும் அவன் விருப்பம். இதில் அறம் எங்கே வந்தது?" என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானது போலவே தோன்றும். வாசகர்களே, அதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

இங்கிலாந்தில் 1949ஆம் ஆண்டு ஜக் ஹோல்ற் என்பவர் வரைந்த ஜி.பி.14 என்னும் சிறு பாய்ப்படகை எடுத்துக்கொள்வோம். நீளம் 14 அடி. அது இருவருக்கென அமைந்தது. ஒருவர் சுக்கானையும் பெரிய பாயின் கயிற்றையும் பிடித்திருப்பார். மற்றவர் முன்பாயைக் கவனிப்பார். அடிப்பலகையை ஏற்றி இறக்குவார். காற்று ஓங்கும்போது காற்று வரும் பக்கத்து விளிம்பில் வெளியே சாய்ந்து, தம் உடற்பாரத்தால் படகை நிமிர்த்துவார்.

இதனை ஒருவரே ஓட்டலாகாதா? ஓட்டலாம். ஆனால் இரண்டு கைகள் நான்காகிவிடமாட்டா; ஒருவரின் பாரம் இருவரின் பாரமாகிவிடாது. ஆகவே அறிந்தவர் கரையிலேயே பெரிய பாயைச் சுருக்கிக் கட்டுவார். முன்பாயை இறக்கிவிட்டால் வேலை குறையும். ஆனால் படகின் முகம் காற்றை நோக்கியே திரும்பப் பார்க்கும். அப்போது அடிப்பலகையைச் சிறிது உயர்த்திச் சமன் செய்வார். பாய்க் கயிற்றை இறுகக் கட்டிவைக்காமல் கையிலேயே வைத்திருப்பார்; காற்று திடீரென மோதினால் நெகிழவிட வேண்டுமே! படகு கவிழ்ந்தால் அதை விட்டு நீந்தமாட்டார். எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டே புறப்படுவார்.

இந்தக் கடைசிச் செயலே நமது கேள்விக்கு விடை தருகின்றது. அவர் திரும்பாவிட்டால் தேடிப் போவோர் உண்டு. அவர்களுக்கும் உயிர் உண்டு, பிள்ளைகள் உண்டு. தனியே போகிறவனின் ஆபத்து அவனோடு மட்டும் நின்றுவிடுவதில்லை.

துணிவு என்பது கோழைத்தனத்துக்கும் கண்மூடித்தனத்துக்கும் நடுவே நிற்பது என்றார் அரிஸ்ரோட்டில். புயலில் கப்பலைக் காப்பதற்காகச் சரக்கைக் கடலில் எறியும் மாலுமியையும் அவர் எடுத்துக்காட்டினார். சாதாரண வேளையில் எவரும் தம் பொருளை எறியார். அந்த வேளையில் எறிவதே அறிவுடையோர் செயல். பாயைச் சுருக்குவதும் அத்தகையதே.

சுருக்க மனமில்லாதவருக்கு என்ன நேரும்? 1968ஆம் ஆண்டு, உலகைத் தனியே சுற்றிவரும் போட்டியில் டொனால்ட் குறோஹேர்ஸ்ற் என்பவர் கலந்துகொண்டார். படகு ஆயத்தமாகாத நிலையிலேயே, கடைசி நாளான ஒக்ரோபர் 31இல் புறப்பட்டார். முன்னே போனால் படகு தாங்காது. திரும்பினால் கடனும் அவமானமும். அவர் அத்திலாந்திக் கடலிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்ச் செய்திகள் அனுப்பினார். 1969 யூலை 10இல் அவருடைய படகு ஆளில்லாமல் காணப்பட்டது. மனைவியும் நான்கு பிள்ளைகளும் கரையில் இருந்தனர். போட்டியில் வென்ற றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன், தமக்குக் கிடைத்த 5,000 பவுண் பரிசை அந்தக் குடும்பத்துக்கே கொடுத்தார்.

பொய்யை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால், "என்னால் இயலவில்லை" என்று சொல்வதை அவமானமாக்கி வைத்த கரைக்கும் அதில் பங்கில்லையா?

இருவர் சுமக்கவேண்டிய குடும்பத்தை ஒருவராய்ச் சுமப்போர் நம்மிடையே பலர். கணவனை இழந்த தாய், நோயாளியைத் தனியே பராமரிக்கும் மகள், வெளிநாட்டிலே உழைக்கும் தமையன். இவர்களை நோக்கி, "உன்னைப் போல் எவருண்டு!" என்று புகழ்ந்துவிட்டு நாம் அகன்றுவிடுகிறோம். அந்தப் புகழ்ச்சி, முழுப்பாயையும் விரித்தே ஓட்டு என்னும் கட்டளையாகிவிடுகிறது.

தனியே ஓட்டுபவரே, பாயைச் சுருக்குங்கள், வெட்கமில்லை. கரையில் நிற்பவரே, அவர் சுருக்கும்போது நகையாதீர்கள். இயலுமானால், காலியாயிருக்கும் அந்த இரண்டாவது இடத்தில் சிறிது நேரமேனும் ஏறி அமருங்கள்.